பிள்ளைகளின் கண்: தள்ளிப்போடக் கூடாத கணக்கு



வியாபாரிகளாகிய நாம் தராசு சரியாயிருக்கிறதா, சரக்கு கணக்கோடு ஒத்திருக்கிறதா, கொடுத்த கடன் வந்து சேர்ந்ததா என்று நாள்தோறும் பார்க்கிறவர்கள். நம் வீட்டுப் பிள்ளையின் கண்ணைப் பள்ளிக்கூடம் நமக்காகப் பார்க்கிறது. குறை தென்பட்டால், மேற்கொண்டு சோதிக்க வேண்டும் என்று கடிதமும் கொடுத்து அனுப்புகிறது. அந்தக் கடிதம் பல வீடுகளில் அலமாரி மேலும், பல கடைகளில் கல்லாப்பெட்டிக்கு அடியிலும் கிடக்கிறது. “டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம், அங்கே கண்ணாடி மலிவு” என்பதே நம்மவர் சொல்லும் சமாதானம். இந்தச் சமாதானம் ஏன் நட்டத்தில் முடியும் என்பதை எடுத்துச் சொல்வதே இப்பாடத்தின் நோக்கம்.

1. கண் பார்க்கும் விதம்

ஏறத்தாழ கி.பி. 965இல் பஸ்ராவில் பிறந்து, எகிப்தின் கெய்ரோ நகரில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் என்ற பேரறிஞர், “கிதாபுல் மனாழிர்” என்னும் நூலை எழுதினார். கண்ணிலிருந்து ஒரு கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால் பார்வை உண்டாகிறது என்று பண்டைய கிரேக்க அறிஞர் பலர் எண்ணியிருந்தனர். அப்படியன்று, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் புகுவதால்தான் நாம் பார்க்கிறோம் என்று சோதனை வாயிலாக விளக்கியவர் அவரே. அந்நூல் பின்னர் இலத்தீன் மொழியில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பிய அறிஞர்களுக்கும் பாடமாயிற்று. கண்ணைப் பற்றிய கல்வி நம் முன்னோருக்கு அந்நியமானதன்று என்பதற்காக இதைச் சொன்னோம்.

நிற்க. கண்ணுக்குள் புகும் ஒளியைக் கண்ணின் முன்புறத்திலுள்ள கருவிழியும் உள்ளிருக்கும் வில்லையும் வளைத்து, பின்புறத்திலுள்ள விழித்திரையின்மேல் விழச் செய்கின்றன. ஒளி விழித்திரையில் சரியாக விழுந்தால் பார்வை தெளிவாயிருக்கும். பிள்ளையின் உடல் வளருவதுபோலக் கண்ணும் வளரும். சில பிள்ளைகளுக்கு அது அளவுக்கு மீறி நீண்டுவிடுகிறது. அப்போது ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். கையிலுள்ள புத்தகம் தெரியும், கரும்பலகை மங்கலாகும். இதுவே கிட்டப்பார்வை.

வளர்ந்த மனிதனின் கண் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளமுள்ளது. அது ஒரு மில்லிமீட்டர் கூடினாலே ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி வரை கண்ணாடி தேவைப்படும். நம்மிடையே 100 டிகிரி என்று சொல்லப்படுவதைக் கண்ணாடிச் சீட்டில் 1.00 என்று எழுதுவார்கள்.

இதிலே வியாபாரி கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நீண்ட கண் மறுபடி குறுகுவதில்லை. கண்ணாடி ஒளியைத் திருத்துகிறதே தவிர, கண்ணின் நீளத்தைத் திருத்துவதில்லை. பெரியவனான பிறகு லேசர் சிகிச்சை செய்துகொண்டாலும் கருவிழியின் வளைவுதான் மாறும். உள்ளே இழுபட்டு மெலிந்த விழித்திரை மெலிந்தபடியே இருக்கும். 500, 600 டிகிரிக்கு மேற்பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் விழித்திரை கிழிந்து விலகுதல், கண் நீர் அழுத்த நோய், விழித்திரையின் நடுப்பகுதி பழுதாதல் முதலிய ஆபத்துகள் மற்றவர்களைவிட அதிகம். ஆகவே சிறுவயதில் ஏறும் ஒவ்வொரு டிகிரியும் ஆயுள் முழுதும் அடைபடாத கடன் ஆகிறது.

2. இது நம் பிள்ளைகளுக்கும் உண்டா?

“கண்ணாடி சீனப் பிள்ளைகளுக்கு உரியது, நம் பிள்ளைகளுக்கு அதிகம் வராது” என்ற அபிப்பிராயம் நம்மவரிடையே இருக்கிறது. 1996, 1997ஆம் ஆண்டுகளில் இங்கே தேசிய சேவைக்கு வந்த 15,000க்கு மேற்பட்ட இளைஞர்களின் கண் அளவுகளை ஆராய்ந்தார்கள். கிட்டப்பார்வை உள்ளவர்கள் சீனரில் நூற்றுக்கு ஏறத்தாழ 82 பேர். மலாய்க்காரரில் 65 பேர். இந்தியரில் 69 பேர். நம் இளைஞரில் மூவருக்கு இருவர் என்றால், இது வேறு யாருடைய நோயும் அன்று.

இன்னொன்றும் கேளுங்கள். 2007 முதல் 2009 வரை சிங்கப்பூர் இந்தியரில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் பெரிய கண் ஆய்வு ஒன்று நடந்தது. பிறநாட்டில் பிறந்து இங்கு குடியேறியவர்களைக் காட்டிலும், இங்கேயே பிறந்தவர்களிடம் கிட்டப்பார்வை மிகுதியாயிருந்தது. ஆக, இரத்தம் ஒன்றே. வளர்ந்த இடமும் வளர்ந்த விதமும் மாறியபோது கண்ணும் மாறியிருக்கிறது. தாத்தாவுக்குக் கடைசிவரை கண்ணாடி இல்லை என்பது பேரனுக்கு அத்தாட்சிப் பத்திரம் ஆகாது.

இன்று இந்நாட்டில் தொடக்கநிலை ஆறாம் வகுப்புக்கு வருவதற்குள் நூற்றுக்கு ஏறத்தாழ 65 பிள்ளைகள் கிட்டப்பார்வை உடையவர்களாகிவிடுகிறார்கள் என்று சிங்கப்பூர் தேசியக் கண் நிலையம் கூறுகிறது.

3. பள்ளிக்கூடச் சோதனை

2001ஆம் ஆண்டில் கிட்டப்பார்வைத் தடுப்புக்கான தேசியத் திட்டம் இங்கே தொடங்கப்பட்டது. தாதியர் பள்ளிக்கூடங்களுக்கு வந்து பிள்ளைகளின் பார்வையைச் சோதிக்கிறார்கள். பிள்ளையைக் குறிப்பிட்ட தூரத்தில் நிறுத்தி, ஒரு கண்ணை மூடச்செய்து, எழுத்து அட்டையைப் படிக்கச் சொல்வார்கள். பிறகு மறு கண். எழுத்தறியாத சிறு குழந்தைகளுக்குக் கையிலுள்ள அட்டையோடு ஒப்பிட்டுக் காட்டும் முறை உண்டு.

கண்ணை ஒவ்வொன்றாக மூடுவது எதற்கு? ஒரு கண் நன்றாயிருந்தால், மறு கண்ணின் குறையை அது மறைத்துவிடும். பிள்ளை ஓடும், ஆடும், படிக்கும். யாருக்கும் சந்தேகம் எழாது. பிறந்தது முதல் மங்கலாகவே பார்த்த பிள்ளைக்கு, மற்றவர்கள் தெளிவாகப் பார்க்கிறார்கள் என்பதே தெரியாது. ஆகையால் “எனக்குக் கண் தெரியவில்லை” என்று பிள்ளை தானாக வந்து சொல்லும் என்று காத்திருப்பது பயனற்றது.

இந்தச் சோதனை ஒரு சல்லடை. பார்வை குறைந்திருக்கிறதா என்று மட்டும் அது பிரித்துக் காட்டும். குறைக்குக் காரணம் என்ன, எத்தனை டிகிரி, கண்ணாடி போதுமா, மருத்துவர் பார்க்க வேண்டுமா என்பவற்றை அடுத்த சோதனைதான் சொல்லும். சல்லடையில் பிரித்ததை அள்ளாமல் விட்டுவிட்டால் சலித்த வேலை வீண். கடிதம் கிடைத்தும் போகாதவர்களுக்குப் பள்ளிக்கூடச் சோதனை நடந்தும் நடவாததே.

ஒரு சோதனைக்கும் அடுத்த சோதனைக்கும் இடையிலும் பெற்றோர் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் உண்டு. தொலைக்காட்சிக்கு மிக அருகில் போய் உட்காருதல், கண்ணைச் சுருக்கிப் பார்த்தல், தலையைச் சாய்த்துப் பார்த்தல், அடிக்கடி கண்ணைக் கசக்குதல், வரும் பேருந்தின் எண்ணைப் படிக்க முடியாமை ஆகியவை அவை. மக்தபுக்கு அனுப்புவோர் உஸ்தாதையும் கேட்டு அறிய வேண்டும். பலகையில் எழுதிய ஸபரும் ஸேரும் தெரியாத பிள்ளை தப்பாக ஓதும். அதைக் கவனக்குறைவு என்று நினைத்து அதட்டுவார்கள்; சில நாளில் “மந்தம்” என்ற பெயரும் வந்து சேரும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுத் தீர்க்க வேண்டியதை, அறிவின்மேல் பழியாகச் சுமத்துவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம் அல்லவா?

4. கடிதம் வந்தபின்

கடிதத்தில் குறிப்பிட்ட இடத்துக்கு, குறிப்பிட்ட நாளில் போக வேண்டும். நாள் ஒத்துவராவிட்டால் தொலைபேசியில் வேறு நாள் கேட்டு வாங்கலாம். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பலதுறை மருந்தகத்தின் வழியாக மருத்துவமனைக் கண் பிரிவுக்கு அனுப்பப்பட்டால் உதவித்தொகையுடன் கூடிய கட்டணம் கிடைக்கும். செலவுக்குச் சிரமப்படும் குடும்பத்தார் பள்ளிக்கூட அலுவலகத்தில் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். வசதி குறைந்தவர் கேட்பதில் குற்றமில்லை.

சில பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து போட்டுச் சோதிப்பார்கள். இதைக் கண்டு அஞ்ச வேண்டாம். பிள்ளைகளின் கண்ணில் வில்லையைச் சுருக்கும் தசை மிக வலுவானது. அது இறுகியிருக்கும்போது அளந்தால், இல்லாத டிகிரியும் இருப்பதுபோல் தோன்றும். சொட்டு மருந்து அத்தசையைத் தளர்த்துகிறது. சில மணி நேரமோ ஒரு நாளோ கண் கூசும், கிட்டே மங்கும், பிறகு சரியாகிவிடும். அவசரமாக ஏதோ ஒரு கடையில் அளந்து வாங்குவதைவிட, சிறு பிள்ளைக்கு இது நம்பகமானது.

“முழு டிகிரிக்குக் கண்ணாடி போட்டால் கண் பழகிப்போய் இன்னும் ஏறும், குறைத்துப் போடுங்கள்” என்று கடையில் சொல்லி வாங்குவோர் உண்டு. மலேசியாவில் இதைச் சோதித்தார்கள். 9 முதல் 14 வயது வரையுள்ள 94 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குச் சரியான கண்ணாடியும், மற்றவர்களுக்குக் குறைந்த டிகிரிக் கண்ணாடியும் கொடுத்து ஈராண்டு கவனித்தார்கள். 2002இல் வெளியான முடிவின்படி, குறைத்துப் போட்டவர்களுக்கே கிட்டப்பார்வை விரைவாக ஏறியது.

இப்போது டிசம்பர் விடுமுறையின் கணக்கைப் பார்ப்போம். மார்ச்சில் வந்த கடிதத்தை டிசம்பருக்குத் தள்ளினால் ஒன்பது மாதம் கழிகிறது. தொடக்கப்பள்ளி வயதில் ஆண்டுக்கு 50 முதல் 100 டிகிரி வரை ஏறுவது சாதாரணம். வயது குறைவாயிருக்கையில் தொடங்கினால் ஏற்றம் இன்னும் வேகம். கண்ணாடியில் மிச்சமாகும் சில வெள்ளிக்கு ஒன்பது மாதப் படிப்பையும் திரும்பாத டிகிரியையும் விலையாகக் கொடுக்கிறோம். இப்படி ஒரு பேரத்தை நாம் கடையில் ஒப்புக்கொள்வோமா?

ஊரில் வைத்தியம் குறைவு என்று நாம் சொல்ல வரவில்லை. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகம் அறிந்த ஸ்தாபனம். தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்தாருக்கு அண்மையில் திருநெல்வேலியிலும் அதற்குக் கிளை உண்டு. பள்ளி ஆசிரியர்களுக்கே பயிற்சி அளித்து, அவர்களைக் கொண்டு மாணவர்களின் பார்வையைச் சோதிக்கும் முறையை அவர்கள் நடத்தி வருகிறார்கள். ஊரில் இருப்பவர்கள் அங்கே காட்டட்டும். இங்கே இருக்கும் பிள்ளைக்கு இங்கே, இப்போதே காட்ட வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். ஊரில் கண்ணாடி வாங்கினாலும், அளவெடுத்த சீட்டை இங்கே கொண்டுவந்து பத்திரப்படுத்துங்கள். ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு ஏறியது என்பதை அறிய அதுவே பேரேடு.

5. வெயிலே மருந்து

தடுக்க வழியுண்டா என்று கேட்பீர்கள். உண்டு, அதற்குக் காசும் வேண்டாம்.

2008இல் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் 6, 7 வயதுச் சீனப் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். இனம் ஒன்று. பெற்றோரின் கிட்டப்பார்வையும் ஏறத்தாழ ஒரே அளவு. சிட்னியில் நூற்றுக்கு 3 பிள்ளைகளுக்கே கிட்டப்பார்வை. சிங்கப்பூரில் 29 பிள்ளைகளுக்கு! சிட்னிப் பிள்ளைகள் புத்தகம் படிப்பதில் பின்தங்கியவர்களும் அல்லர். வேறுபாடு வெளியே கழித்த நேரத்தில் இருந்தது. சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்கு ஏறத்தாழ 14 மணி நேரமும், நம் நாட்டுப் பிள்ளைகள் 3 மணி நேரமும் வெளியே இருந்தார்கள்.

சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் 6 பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளை நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்றாண்டு கழித்து, வெளியே போனவர்களில் நூற்றுக்கு 30 பேருக்கும், மற்றவர்களில் 40 பேருக்கும் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. 2015இல் இம்முடிவு வெளியாயிற்று. வெறும் 40 நிமிடத்தின் பலன் இது.

கடைக்குள் எத்தனை விளக்கு எரிந்தாலும் வெளிச்சம் சில நூறு லக்ஸ் அளவுதான். வெளியிலோ மர நிழலிலும் ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்த வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கச் செய்து, கண் நீள்வதை மட்டுப்படுத்துகிறது என்பது ஆராய்ச்சியாளரின் கருத்து. ஆகவே உச்சி வெயிலில் வாட்ட வேண்டியதில்லை. தொப்பி போட்டுக்கொண்டு காலையிலோ மாலையிலோ நிழலில் விளையாடினாலும் போதும். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு.

இது நம்மைப் போன்ற கடைக்காரர்களுக்கே சொன்னதுபோல் இருக்கிறது. மார்சிலிங்கிலும் தேக்காவிலும் நம்மவர் கடைகளைப் பாருங்கள். பள்ளி விட்டு வந்த பிள்ளை அரிசி மூட்டைக்கும் பிஸ்கட் பெட்டிக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். கையில் கைப்பேசி. சத்தம் போடாமல் இருக்கிறதே என்று நமக்கும் நிம்மதி. சுகாதார அமைச்சு 2025ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியின்படி, 7 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடம் தவிர்த்து நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திரை இருக்க வேண்டும். ஒன்றரை வயதுக்கு மேற்பட்ட பாலர்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள்.

மார்சிலிங் பூங்கா நம் வட்டாரத்திலேயே இருக்கிறது. புளோக்கின் கீழே விளையாட்டுத் திடல் இருக்கிறது. அஸர் தொழுதபின் பிள்ளைகளை மஃரிப் வரை வெளியே விடலாம். இரண்டு மூன்று கடைக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒருவர் எல்லாப் பிள்ளைகளையும் அழைத்துப் போனால் யாருடைய வியாபாரமும் கெடாது. அத்தா என்று அழைத்தாலும் வாப்பா என்று அழைத்தாலும், பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய சொத்து.

படிப்பதும் ஓதுவதும் குறைய வேண்டும் என்று யாரும் பொருள் கொள்ள வேண்டாம். குர்ஆனைப் பலகைமேல் வைத்து, நிமிர்ந்து அமர்ந்து ஓதும் நம் வழக்கமே கண்ணுக்கும் புத்தகத்துக்கும் தக்க இடைவெளி தருகிறது. ஓர் அடித் தூரமாவது இருக்கட்டும். நல்ல வெளிச்சம் இருக்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை தூரத்தில் பார்க்கட்டும்.

6. ஏறுவதைக் குறைக்கும் சொட்டு மருந்து

அட்ரோபின் என்ற சொட்டு மருந்தை இங்குள்ள கண் மருத்துவர்கள் 6 முதல் 12 வயது வரையுள்ள 400 பிள்ளைகளிடம் சோதித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்தில்லாத வெறும் சொட்டு விட்ட கண்களில் இரண்டாண்டில் சராசரி 120 டிகிரி ஏறியது; நூற்றுக்கு 1 பங்கு மருந்துள்ள சொட்டு விட்ட கண்களில் 28 டிகிரியே ஏறியது. ஆயினும் அந்த வலுவில் கண் கூசுதல் முதலிய தொல்லைகள் இருந்தன; மருந்தை நிறுத்தியதும் மறுபடி வேகமாக ஏறியது. பின்னர் மிகக் குறைந்த அளவுகளைச் சோதித்து, 2012இல் அதன் முடிவும் வெளிவந்தது. இப்போது குறைந்த அளவு மருந்து வழக்கத்தில் இருக்கிறது. ஏற்றத்தைக் குறைக்கும் தனிவகைக் கண்ணாடிகளும் வந்துள்ளன. எந்தப் பிள்ளைக்கு எது என்று கண் மருத்துவரே சொல்ல வேண்டும். ஆனால் இவை யாவும் ஏறப்போவதைக் குறைப்பவை. ஏறியதை இறக்குபவை அல்ல. முந்தி வந்தவர்க்கே பலன் மிகுதி.

7. மாறுகண்ணும் சோம்பல் கண்ணும்

மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லி விட்டுவிடுவோர் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். கண்கள் இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்காவிட்டால் மூளை ஒரு கண்ணின் காட்சியைத் தள்ளிவிடும். இரண்டு கண்ணுக்கும் டிகிரி பெரிதும் வேறுபட்டாலும் இப்படி நேரும். நாளடைவில் அந்தக் கண் கண்ணாடி போட்டாலும் தெளிவாகப் பார்க்காது. இதுவே சோம்பல் கண். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் கண்ணாடியாலும், நல்ல கண்ணை நாளொன்றுக்குச் சில மணி நேரம் மூடி வைப்பதாலும் பெரும்பாலும் சரிப்படுத்தலாம். வயது ஏற ஏறக் கடினம். பாலர் பள்ளியிலிருந்து கடிதம் வந்தால் அதிக அவசரம் என்று கொள்ளுங்கள்.

8. சுர்மாவும் நம் கடைகளும்

அரபியில் கண் வைத்தியருக்குக் “கஹ்ஹால்” என்று பெயர். சுர்மாவைக் குறிக்கும் “குஹ்ல்” என்ற சொல்லிலிருந்து வந்தது. சுர்மா இடுவதில் நமக்குள்ள மரியாதை எல்லாரும் அறிந்ததே. ஆனால் அப்பெயரில் விற்கப்படும் பொடிகள் பலவற்றில் ஈயம் இருப்பது பல நாடுகளில் சோதனையில் தெரியவந்துள்ளது. ஈயம் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பொடியைப் பிள்ளைகளின் கண்ணில் இடவும் வேண்டாம். நாம் கடையில் வைத்து விற்கவும் வேண்டாம். சரக்கின் குறையை மறைத்து விற்பதை நம் மார்க்கம் அனுமதிக்கவில்லை.

9. பெண் பிள்ளைகளும் கண்ணாடியும்

“பெண் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் நாளைக்குச் சம்பந்தம் பேச வருபவர் என்ன சொல்வார்?” என்று தயங்கும் தாய்மார் உண்டு. கண்ணாடி போடாததால் குறை மறைந்துவிடுவதில்லை. பிள்ளை படிப்பில் பின்தங்குவதுதான் மிச்சம். ஆண் பிள்ளைக்கு ஒரு நியாயம், பெண் பிள்ளைக்கு ஒரு நியாயம் என்பது கண்ணில் வேண்டாம். மாப்பிள்ளை வீட்டாராகப் போகும் நாமும் இதைக் குறையாகப் பேசாதிருக்க உறுதி கொள்ள வேண்டும்.

10. செய்ய வேண்டியவை

பாடத்தின் சாரம் இது: பள்ளிக்கூடக் கடிதம் வந்த வாரத்திலேயே நாள் குறித்துப் போக வேண்டும். சரியான அளவில் கண்ணாடி வாங்கி, பிள்ளை அதை அணிகிறதா என்று பார்க்க வேண்டும். சொன்ன தவணைக்கு மறுபடி காட்டி, சீட்டுகளைச் சேர்த்து வைக்க வேண்டும். நாள்தோறும் இரண்டு மணி நேரம் வெளியே விட வேண்டும். கைப்பேசியைப் பிள்ளை பார்க்கும் ஆளாக வைக்கக் கூடாது.

நம் கடையில் வேலை செய்யும் சகோதரர்களின் பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது “பிள்ளையின் கண்ணைக் காட்டினாயா?” என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

நம் வட்டாரப் பள்ளிவாசலுக்கு அன்-நூர் என்று பெயர். ஒளி என்று பொருள். ஒளியை உள்ளே வாங்கும் கண்ணை அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு அமானிதமாகத் தந்திருக்கிறான். அதைக் காக்கும் பொறுப்பு நமக்கு. நம் சந்ததியாருக்கு நல்ல பார்வையையும் நல்ல கல்வியையும் வல்ல இறைவன் அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.